லேப்டாப்புக்கு மொபைல் இன்டர்நெட்: போன் போதுமா, தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவுக்கு ஃபைபர் "அடுத்த மாதம்" வந்துவிடும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை எனக்கு எல்லாமே மொபைல் டேட்டாதான். அதனாலேயே சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று யார் புது லேப்டாப் வாங்கினாலும் "நெட்டுக்கு என்ன பண்றது?" என்று எனக்குத்தான் போன் போடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

மொத்தம் எத்தனை வழி இருக்கிறது?

கையில் இருக்கும் போனையே வைஃபை ஹாட்ஸ்பாட் ஆக்கலாம். அதே போனை யூஎஸ்பி கேபிளில் இணைக்கலாம். இதற்கு டெதரிங் என்று பெயர். பென்டிரைவ் மாதிரி செருகும் டாங்கிள் வாங்கலாம். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பாக்கெட் ரௌட்டர் வாங்கலாம். சிம் போடும் வசதியோடு வரும் லேப்டாப்பாகவே பார்த்து வாங்கலாம். ப்ளூடூத் வழியாகவும் முடியும், ஆனால் நடைமுறையில் வேகம் இரண்டு எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு) தாண்டுவதே கஷ்டம். மெயில் பார்க்க மட்டும் உதவும். அதை விட்டுவிடுவோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நான் எதை எடுத்துக்கொள்வது?

போனும் ஒரு நல்ல யூஎஸ்பி கேபிளும். பத்தில் எட்டுப் பேருக்கு இதையேதான் சொல்லியிருக்கிறேன். கருவி வாங்க ஒதுக்கிய பணத்தில், இப்போது இருப்பது ஒரு நிறுவனத்தின் சிம் என்றால் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நெட் சரியாக வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் குறை கருவியில் இல்லை, அவர்கள் வீட்டுக்கு அந்த நிறுவனத்தின் டவர் தூரம். அதை எந்த டாங்கிளும் சரி செய்யாது.

ஹாட்ஸ்பாட் இருக்கும்போது கேபிள் எதற்கு?

மூன்று காரணம். ஒன்று, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் வைஃபை என்கிற இன்னொரு காற்றுவழி இல்லாமல் போகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் சுற்றிலும் இருபது வைஃபை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு, போன் அதிலேயே சார்ஜும் ஆகிக்கொள்ளும். மூன்று, வைஃபை ஒலிபரப்பு வேலை இல்லாததால் சூடு குறையும்.

ஆண்ட்ராய்டில் முதலில் கேபிளைச் செருகுங்கள், அப்புறம் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று இருக்கும் பக்கத்துக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். கேபிள் செருகாதவரை அந்தப் பொத்தான் மங்கலாகத்தான் இருக்கும். செருகியும் மங்கலாக இருந்தால் உங்கள் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை. பெட்டிக்கடையில் தொங்கும் மலிவுக் கேபிள்கள் பல அப்படித்தான், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது.

ஹாட்ஸ்பாட்தான் எனக்கு வசதி. ஆனால் போனில் பறக்கும் நெட் லேப்டாப்பில் நத்தையாகிறதே?

ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்ட் என்று ஒன்று இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். போன் மேசையிலேயே இருக்கும்போது 5தான் நல்லது. போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த அறையில் வேலை பார்ப்பதானால் 2.4, வேகம் குறைந்தாலும் சுவரைத் தாண்டி வரும். ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற பொத்தான் போட்டிருந்தால் அது 2.4க்கு இறங்கிவிடும், அணைத்துப் பாருங்கள். இந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கும் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் புதுப் போன் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

தினமும் இப்படிப் போட்டால் போன் பேட்டரி வீணாகாதா?

சூடுதான் பேட்டரிக்கு எதிரி. போனை உறையிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில், மெத்தை தலையணை மேல் இல்லாமல் மரப்பலகையிலோ கடப்பா கல் மேலோ வையுங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் வருகிறது. இருந்தால் போட்டுவிடுங்கள். தினம் எட்டு மணி நேரம், மாதம் முழுக்க என்றால் வீட்டில் கிடக்கும் பழைய 4ஜி போன் ஒன்றில் இரண்டாவது சிம்மைப் போட்டு அதையே ரௌட்டராக வைத்துக்கொள்ளலாம். திரை உடைந்த போன்கூடப் போதும். ஆனால் பேட்டரி உப்பிய போன் வேண்டாம், அதைச் சார்ஜில் போட்டுவிட்டு நகரவே கூடாது.

நெட்டில் இருக்கும்போது யாராவது அழைத்தால் என்ன ஆகும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் சித்தப்பா மகளுக்கு ஆன்லைனில் நேர்காணல். போனில் இரண்டு சிம். புதியதில் டேட்டா, பழையதில் ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பர். போனைச் சைலன்ட்டில் போட்டு, ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் இணைத்து, பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பி எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். தன்னைப் பற்றிச் சொல்லி முடித்து முதல் கேள்வி வரும் நேரம், திரையில் இருந்த மூன்று முகங்களும் உறைந்து நின்றன. கேஸ் சிலிண்டர்காரர் பழைய நம்பருக்கு அழைத்திருக்கிறார். அவர் விடாமல் இரண்டு முறை அழைத்து ஓய்கிறவரை நெட் திரும்பவில்லை.

காரணம் இதுதான். சாதாரண இரட்டை சிம் போனில் இரண்டு சிம்முக்கும் சேர்த்து ஒரே ரேடியோ. ஒரு சிம்மில் அழைப்பு வந்தால் இன்னொரு சிம்மின் டேட்டா அப்படியே நிற்கும். டேட்டா ஓடும் அதே சிம்முக்கு அழைப்பு வந்தால், வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பும் போகும் வசதி) இருக்கும்வரை டேட்டா நிற்காது. ஆக, அடுத்த சிம்மை அணைத்து வைப்பதுதான் வழி. சைலன்ட்டோ, 'டு நாட் டிஸ்டர்ப்' போடுவதோ உதவாது. மணி ஒலிக்காதே தவிர அழைப்பு உள்ளே வரத்தான் செய்யும். சிம் செட்டிங்ஸில் போய் அந்த இரண்டாவது சிம்மையே ஆஃப் செய்யுங்கள், வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். அந்த நம்பருக்கு வரும் அழைப்பை ஃபார்வர்டு செய்து வைப்பது இன்னும் நல்லது.

(அவளுக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது. சிலிண்டரும் அடுத்த நாள் வந்தது.)

ஒரு நாளைக்கு 2 ஜிபி லேப்டாப்புக்குப் போதுமா?

வேகத்தை எம்பிபிஎஸ் கணக்கில் சொல்வார்கள். (இதைக் கேட்டுவிட்டு எங்கள் அத்தை "யாரு டாக்டருக்குப் படிக்கா?" என்றார்.) ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் விடாமல் டேட்டா ஓடினால் 450 எம்பி போகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே கணக்குப் போடலாம். வீடியோ மீட்டிங் போவதும் வருவதும் சேர்த்து இரண்டு எம்பிபிஎஸ் எடுத்தால் மணிக்கு 900 எம்பி. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு மீட்டிங் முடிந்தால் அன்றைய 2 ஜிபி ஏறக்குறைய காலி. கேமராவை அணைத்துவிட்டுக் குரலோடு மட்டும் இருந்தால் மணிக்கு 100 எம்பியைத் தாண்டாது. யூடியூப் பாடம் 480பியில் மணிக்கு அரை ஜிபி சுமார், 1080பிக்குப் போனால் மூன்று நான்கு மடங்கு. மெயில், டாக்குமென்ட், படிப்பது எல்லாம் சில்லறைச் செலவு.

லிமிட் முடிந்த பிறகு நெட் முழுதாக நிற்காது, பல ப்ரீபெய்டு பேக்குகளில் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அதாவது ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிடம். வாட்ஸ்ஆப்பில் எழுத்து போகும், லேப்டாப்பில் எந்தப் பக்கமும் திறக்காது. தினசரி லிமிட் இல்லாமல் மொத்தமாக இத்தனை ஜிபி என்று வரும் பேக்குகள் சிலருக்குப் பொருந்தும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் லேப்டாப்பைத் திறப்பவர் தினம் 2 ஜிபி வாங்கி ஐந்து நாள் வீணாக்குவது எதற்கு?

லேப்டாப்பை இணைத்த பத்தே நிமிடத்தில் டேட்டா தீர்ந்துவிட்டது. வைரஸா?

பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். வைஃபை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு ஜிபி கணக்கில் இறக்க ஆரம்பித்துவிடும். கூடவே ஒன்டிரைவ் உங்கள் போட்டோக்களை மேலே ஏற்றும். தடுக்கும் வழி, அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆக்குவது, அதாவது இதில் டேட்டாவுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்லி வைப்பது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் அந்தப் பொத்தான் கிடைக்கும்.

இதில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. கேபிள் டெதரிங் போட்டால் விண்டோஸ் அதை வைஃபை என்று எடுத்துக்கொள்ளாது, ஈதர்நெட் என்றுதான் காட்டும். வைஃபைக்குப் போட்ட மீட்டர்டு இதற்குச் செல்லாது. ஈதர்நெட் பக்கத்தில் தனியாக ஒருமுறை போட வேண்டும். நானும் விழுந்திருக்கிறேன், காலை ஒன்பது மணிக்கு அன்றைய டேட்டா மொத்தமும் போய், பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஹாட்ஸ்பாட் கடன் வாங்கினேன். மேக்கில் இதற்கு 'லோ டேட்டா மோட்' என்று பெயர், வைஃபை விவரங்களுக்குள் இருக்கும்.

மாதம் ஒருமுறை ஃபைபர் இருக்கும் நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அப்டேட்டை முடித்துவிடுங்கள். ஒரேயடியாக அப்டேட்டே போடாமல் இருப்பது ஆபத்து.

அன்லிமிடெட் 5ஜி இருக்கிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

இருப்பவர்களுக்கு நல்லதுதான். 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதிலிருந்து ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பெரும்பாலும் தினம் 2 ஜிபி, அதற்கு மேற்பட்ட பேக்குகளோடுதான் இது வருகிறது. போன் 5ஜி டவரில் நிற்கும்வரைதான் அன்லிமிடெட். வீட்டுக்குள் நடந்து போகும்போது 4ஜிக்கு இறங்கினால் அந்த நிமிடத்திலிருந்து உங்கள் 2 ஜிபி கழியத் தொடங்கும். போன் சொல்லிக்கொண்டெல்லாம் இறங்காது. ஆகவே லேப்டாப்பில் பெரிதாக எதையாவது இறக்கும்போது போனின் மேல் ஓரத்தில் 5ஜி என்ற எழுத்து இருக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். இது சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. பிரவுசிங் சென்டர் நடத்த முடியாது.

டாங்கிள் வாங்கலாமா? அலமாரியில் ஒரு பழைய டேட்டா கார்டு வேறு இருக்கிறது.

பழையதை மறந்துவிடுங்கள். 2010 வாக்கில் எல்லோரும் வாங்கிய அந்த டேட்டா கார்டுகள் சிடிஎம்ஏ வகை அல்லது 3ஜி. சிடிஎம்ஏ சேவையே நாட்டில் இல்லை, ஏர்டெல் 2020இலேயே 3ஜியை மூடிவிட்டது, ஜியோவில் 3ஜி என்று ஒன்று இருந்ததே இல்லை.

புது 4ஜி டாங்கிள் என்றால் பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கும். அது அந்தச் சிப் தாங்கும் உச்சம், உங்கள் வீட்டில் வரப்போகும் வேகம் இல்லை. ஆன்லைனில் வாங்கும்போது விலைக்கு முன்னால் பேண்ட் பட்டியலைப் பாருங்கள் (டவரோடு எந்தெந்த அலைவரிசையில் பேசும் என்பதற்கான எண்கள், ஹாட்ஸ்பாட்டில் பார்த்த பேண்ட் வேறு). ஜியோவின் 4ஜி 3, 5, 40 ஆகிய பேண்டுகளில் ஓடுகிறது. இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ், சுவருக்குள் நுழைந்து வருவது அதுதான். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த மலிவு டாங்கிளில் 40 இல்லாமல் போகலாம். பிஎஸ்என்எல்லின் புது 4ஜிக்கு 1, 28 இரண்டையும் தேடுங்கள். இன்னொன்று, நான்கு வருடப் பழைய சாதாரணப் போனில்கூட டாங்கிளைவிட நல்ல ஆன்டெனா இருக்கும். அன்லிமிடெட் 5ஜி சிம்மை 4ஜி டாங்கிளில் போட்டால் கிடைப்பது 4ஜியும் தினசரி லிமிட்டும்தான்.

பிறகு யாருக்குத்தான் டாங்கிள்? போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர் ஒருவர், வீட்டில் லேப்டாப்போடு இருப்பவர் வேறொருவர் என்றால் அந்த வீட்டுக்கு.

பாக்கெட் ரௌட்டர்?

மூன்று நான்கு பேர், ஒரே சிம். வெளியூர்ப் பயிற்சி, கணக்கு ஆடிட், கல்யாண வீட்டு வீடியோ குழு, இப்படிச் சேர்ந்து அலையும் கும்பலுக்கு நல்லது. தனக்கென்று பேட்டரி உண்டு, போனை வதைக்க வேண்டாம். வாங்கும்முன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியதா என்று கேளுங்கள். ஜியோஃபை அப்படி ஜியோ சிம்முக்கு மட்டும் வந்ததுதான்.

சிம் போடும் லேப்டாப்பாக வாங்கிவிட்டால்?

சுகம் என்றால் அதுதான் சுகம். மூடியைத் திறந்தால் நெட். ஆன்டெனா திரையைச் சுற்றி ஓடுவதால் சிக்னலும் நன்றாக எடுக்கும். திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் மாதிரியான அலுவலக வரிசைகளில் சில மாடல்களில் மட்டும் வரும். சாதாரணக் கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றில் தேட வேண்டாம்.

சிம் துளை இருக்கிறதே என்று பழைய லேப்டாப்பை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. துளை இருக்கும், உள்ளே மோடம் கார்டு இருக்காது. கார்டை வாங்கிப் போடலாம் என்றால் ஆன்டெனா வயர் தொழிற்சாலையிலேயே இழுத்திருக்க வேண்டும், தவிர சில நிறுவனங்களின் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) தான் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறொன்றை ஏற்காது. வாங்கும்போதே சிம்மைப் போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தினமும் பயணம் செய்கிறவர், அலுவலகம் செலவைத் தருகிறது என்பவர் தவிர மற்றவர்களுக்கு இதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எந்த நிறுவனத்தின் சிம் நல்லது?

உங்கள் மேசைக்கு எது நல்லதோ அது. மாநிலம் முழுக்க எது முதலிடம் என்ற பட்டியலால் உங்களுக்குப் பயனில்லை. அக்கம்பக்கத்தில் வேறு நிறுவன சிம் வைத்திருப்பவரை ஒரு டீ குடிக்க அழைத்து, அவர் போனை நீங்கள் வேலை பார்க்கும் அதே இடத்தில் வைத்து டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) மைஸ்பீடு செயலியில் வேகத்தைப் பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒருமுறை. ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும் அந்த நேரத்தில் டவரில் நெரிசல். இறங்கும் வேகத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் போய்ச் சேர ஏறும் வேகம் வேண்டும், இரண்டு எம்பிபிஎஸ்ஸாவது நிலையாக இருக்க வேண்டும்.

சிக்னல் கட்டங்களை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் 'அபவுட் போன்' உள்ளே சிம் ஸ்டேட்டஸில் டிபிஎம் கணக்கில் ஓர் எண் இருக்கும். அது மைனஸில் வரும், பூஜ்யத்துக்குக் கிட்டே இருந்தால் நல்லது. மைனஸ் 90 நன்று, 100 பரவாயில்லை, 110 தாண்டினால் தகராறு. எங்கள் வீட்டு ஹாலில் மைனஸ் 113. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சிமென்ட் ஜாலி இருக்கிறது, அதன் முன்னால் வைத்தால் 94. அந்த ஜாலியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி ஒரு தட்டு செய்து, மூன்று மீட்டர் யூஎஸ்பி கேபிளில்தான் இரண்டு வருடமாக என் சம்பளம் ஓடுகிறது. நீங்களும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள். எண் மாறச் சில நொடி ஆகும், ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் நில்லுங்கள்.

நம்பரை வைத்துக்கொண்டே நிறுவனம் மாற, போர்ட் என்று போட்டு இடைவெளி விட்டு உங்கள் எண்ணை 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு?

ஐபோனும் மேக்கும் சேர்ந்திருந்தால் சொல்ல ஒன்றுமில்லை. ஐபோனைக் கேபிளில் விண்டோஸ் லேப்டாப்போடு இணைக்க ஆப்பிளின் டிரைவர் வேண்டும், ஐட்யூன்ஸ் போட்டால் கூடவே வரும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மேக்கோடு இணைத்தால் பல போன்கள் வேலை செய்யாது. அங்கே ஹாட்ஸ்பாட்தான்.

அலுவலக விபிஎன் மட்டும் மொபைல் நெட்டில் மக்கர் பண்ணுகிறது.

விபிஎன் என்பது அலுவலக நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி. மொபைல் நெட்டில் பெரும்பாலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடையாது; ஒரு முகவரியை நிறையப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். சில பழைய விபிஎன்களுக்கு இது பிடிக்காது. விபிஎன் செயலியில் வேறு புரோட்டோகால் (இணைக்கும் முறை) இருந்தால் மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் அலுவலக ஐடி ஆட்களிடம் "நான் மொபைல் நெட்வொர்க்கில் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும். வெளியிலிருந்து உங்கள் லேப்டாப்புக்குள்ளோ வீட்டுக் கேமராவுக்குள்ளோ நேராக நுழைய முடியாமல் போவதற்கும் இதே காரணம்தான்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு எடுத்தால் மாலைதான் தருவார்கள். லேப்டாப்பும் போனும் தாங்கும், ஃபைபர் மோடம் படுத்துவிடும். மொபைல் நெட்டுக்கு இதில் ஒரு கை ஓங்கும். ஆனால் டவரும் பேட்டரியில்தான் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் கரண்டோடு சேர்ந்து சிக்னலும் போனது. ஒரு நிறுவனத்தின் டவர் படுத்தாலும் இன்னொன்று நிற்கக்கூடும் என்பதால்தான் இரண்டாவது சிம், இரண்டாவது சிம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஃபைபர் வந்துவிட்டால் இதையெல்லாம் எடுத்துப் போட்டுவிடலாமா?

குடிநீர்க் குழாய் பதிக்க ஜேசிபி வருகிறவரை. சிம்மை உயிரோடு வைத்திருங்கள், கேபிளை டிராயரில் போட்டு வையுங்கள், மாதம் ஒருநாள் அரை மணி நேரம் போன் நெட்டிலேயே வேலை பாருங்கள். கேபிளை எலி கடித்திருப்பது அப்போதுதான் தெரியும்.